முன்பல் சொத்தை: கண்ணாடி முன்னாடி கண்டுபிடிக்கிறதுல இருந்து ஃபில்லிங் முடியுற வரைக்கும்

முன்பல்லுல ஏதோ கறுப்பா தெரியுதுன்னு க்ளினிக்குக்கு வர்றவங்க ரெண்டு ரகம். வெறும் டீக்கறைய பார்த்து சொத்தைன்னு பயந்து ஓடி வர்றவங்க ஒரு ரகம். நிஜமாவே சொத்தை இருந்தும் "முன்பக்கம் வெள்ளையாத்தானே இருக்கு"ன்னு வருஷக்கணக்குல விட்டுட்டு, ஒருநாள் இட்லி சாப்பிடும்போது பல்லோட ஓரம் பொட்டுன்னு உடைஞ்சப்புறம் வர்றவங்க இன்னொரு ரகம். தினம் சேர் பக்கத்துல நின்னு பார்க்குற எனக்கு தெரிஞ்சு ரெண்டு பேரும் தடுக்கி விழுற இடம் ஒண்ணுதான், எங்க பார்க்கணும்னு தெரியல. முன்பல் சொத்தை பெரும்பாலும் ரெண்டு பல் ஒட்டிக்கிட்டிருக்குற இடுக்குல தான் ஆரம்பிக்கும், சிரிச்சா தெரியுற பக்கத்துக்கு அது வந்து சேர்றது கடைசில.

முன்பல்னு நான் சொல்றது மேல ஆறு கீழ ஆறு, கோரைப்பல்லையும் சேர்த்து. கீழ சொல்ற வரிசையை மாத்தாம போங்க, ஏன் அந்த வரிசைன்னு அங்கங்க சொல்லிட்டே வர்றேன்.

1. முதல்ல எடுத்து வச்சுக்க வேண்டியது

பெருசா ஒண்ணும் வேணாம். ஒரு பென் டார்ச், மெடிக்கல் ஷாப்லயோ ஆன்லைன்லயோ கிடைக்கிற குட்டி வாய்க்கண்ணாடி, ஃப்ளாஸ் நூல், டிஷ்யூ பேப்பர், சுவத்துல மாட்டுன கண்ணாடி. போன் கேமரா இருந்தா போட்டோ எடுத்து பெருசாக்கி பார்க்கலாம், ஆனா போன் டார்ச் இதுக்கு சரிப்படாது, வெளிச்சம் பரவிடும், வாய்க்குள்ள போகவும் போகாது.

பார்க்குறதுக்கு முன்னாடி நல்லா பல் தேய்ச்சு, ஒவ்வொரு இடுக்குலயும் ஃப்ளாஸ் விட்டு எடுத்துடுங்க. பல் மேல மாவு மாதிரி படிஞ்சிருக்குற அழுக்குக்கு அடியில தான் ஆரம்ப சொத்தை ஒளிஞ்சிருக்கும். அதை எடுக்காம பார்த்தா இருக்குறதும் தெரியாது, இல்லாதது இருக்குற மாதிரியும் தெரியும்.

குண்டூசி, ஊக்கு, பல் குத்துற குச்சி எதையும் கிட்ட கொண்டு வராதீங்க. குத்திப்பார்த்து உள்ள போனா சொத்தைன்னு ஒரு பழக்கம் இருக்கு. ஆரம்ப நிலையில மேல்தோல் மாதிரி மெல்லிசா ஒரு படலம் முழுசா இருக்கும், உள்ள மட்டும் சத்து கரைஞ்சு போயிருக்கும். அந்த படலம் இருக்குற வரைக்கும் ட்ரில் இல்லாமலே சரி பண்ண வாய்ப்பு உண்டு. ஊசியால குத்துனீங்கன்னா அதை நீங்களே ஓட்டையாக்கிட்டீங்கன்னு அர்த்தம்.

2. பல்லை துடைச்சு காய விட்டு பாருங்க

உதட்டை தூக்கிப் பிடிச்சு, டிஷ்யூவால பல்லை ஒத்தி எடுத்துட்டு, வாயால காத்து இழுத்து அஞ்சாறு செகண்ட் காய விடுங்க. இப்போ ஈறு ஓரத்துல சுண்ணாம்பு பூசுன மாதிரி பளபளப்பில்லாத வெள்ளைத் திட்டு தெரியுதா? சொத்தையோட முதல் அடையாளம் அந்த வெள்ளை தான், கறுப்பு ரொம்ப தள்ளி வரும்.

ஏன் காய வைக்கணும்னா, எச்சில் ஈரம் இருக்கும்போது அந்த நுண்ணிய ஓட்டைங்கள்ல தண்ணி நிரம்பி வெளிச்சம் கிட்டத்தட்ட நல்ல எனாமல் வழியா போற மாதிரியே போகும், அதனால வித்தியாசம் தெரியாது. தண்ணி போய் காத்து நிரம்புனா வெள்ளையா பளிச்சுன்னு நிக்கும். காய வச்சா மட்டும் தெரிஞ்சா மேலோட்டம், ஈரமா இருக்கும்போதே தெரிஞ்சா கொஞ்சம் ஆழமா போயிருக்கு.

நாக்கு நுனியால தடவிப்பாருங்க. சொரசொரன்னு இருந்தா இப்போ நடந்துக்கிட்டிருக்கு. வழவழன்னு பளபளப்பா, லேசா பழுப்பு ஏறியிருந்தா எப்பவோ ஆரம்பிச்சு தானா நின்னு போனது, அவசரமில்ல, கவனிச்சா போதும். பல்லுக்கு க்ளிப் போட்டு கழட்டுனவங்களுக்கு க்ளிப் ஒட்டியிருந்த இடத்தை சுத்தி இந்த வெள்ளை வரும், அவங்க இந்த படியை கண்டிப்பா செய்யணும்.

3. டார்ச்சை பல்லுக்கு பின்னாடி வைங்க

இந்த முழு விஷயத்துலயும் ரொம்ப பிரயோஜனமான படி இதுதான், ஆனா யாரும் செய்றதில்ல. ரூம் லைட்டை அணைங்க. பென் டார்ச்சை கழுவி, வாய்க்குள்ள விட்டு, மேல் முன்பல்லுக்கு பின்பக்கம் வெளிச்சம் வெளிய பார்த்து அடிக்கிற மாதிரி பிடிங்க. கண்ணாடியில பாருங்க.

முன்பல் மெல்லிசு, வெளிச்சம் ஊடுருவும். நல்ல பல் முழுக்க ஒரே மாதிரி ஆரஞ்சு கலந்த வெள்ளையா ஒளிரும். ரெண்டு பல்லுக்கு நடுவுல, பக்கவாட்டுல, முக்கோணம் மாதிரியோ பிறை மாதிரியோ இருட்டா ஒரு நிழல் விழுந்தா அங்க சொத்தை இருக்க வாய்ப்பு அதிகம். வெளியில இருந்து பார்த்தா அதே இடம் லேசா சாம்பல் படர்ந்த மாதிரி தான் இருக்கும், பல பேருக்கு அதுகூட தெரியாது.

ரெண்டு இடத்துல ஏமாந்துடுவீங்க. ஏற்கனவே ஃபில்லிங் பண்ண இடமும் வேற மாதிரி தெரியும், அதை சொத்தைன்னு எண்ண வேணாம். கீழ்ப்பல்லுக்கு பின்னாடி கட்டியா காரை பிடிச்சிருந்தா வெளிச்சமே வராது, அங்க இந்த டெஸ்ட் செல்லாது, க்ளீனிங் பண்ணப்புறம் தான் பார்க்க முடியும். நேர்கோடா மெல்லிசா ஒரு கீறல் தெரிஞ்சா அது எனாமல்ல இருக்குற விரிசல், வயசானா நிறைய பேருக்கு இருக்கும், கூச்சமோ வலியோ இல்லைன்னா விட்டுடலாம்.

அப்புறம் வாய்க்கண்ணாடிய வச்சு பின்பக்கத்தையும் பாருங்க. மேல, நடுவுல இருந்து எண்ணுனா ரெண்டாவது பல்லோட பின்பக்கம், ஈறுக்கு கொஞ்சம் கீழ, சிலருக்கு பிறவியிலேயே ஒரு குட்டிக் குழி இருக்கும். அதுக்குள்ள பிரஷ் போகாது, வெளிய தெரியாமலே நரம்பு வரைக்கும் போயிடும்.

கடைசியா ஃப்ளாஸ். ஒரே இடத்துல ஒவ்வொரு தடவையும் நூல் பிரிஞ்சு பிசிறு பிசிறா வந்தா அங்க சொத்தையோட விளிம்போ, காரையோ, பழைய ஃபில்லிங்கோட துருத்தலோ இருக்கு. எதுவா இருந்தாலும் டாக்டர்கிட்ட காட்ட வேண்டிய சமாச்சாரம்.

4. சொத்தை மாதிரி தெரியும், சொத்தை கிடையாது

டீ, காபி, வெத்தலை, புகையிலை கறை பரவலா இருக்கும், குறிப்பா பின்பக்கம். அயர்ன் டானிக் குடிக்கிற குழந்தைங்களுக்கு கறுப்பு கோடு வரும். குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷை வாரக்கணக்குல ஊத்தி கொப்பளிச்சாலும் பழுப்பா ஏறும். இதெல்லாம் க்ளீனிங்ல போயிடும்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கம் போர்த்தண்ணி குடிச்சு வளர்ந்தவங்களுக்கு பல்லுல வெள்ளைக் கோடும் பழுப்புத் திட்டும் இருக்குறதை நிறைய பார்க்கலாம், அது ஃப்ளோரோசிஸ். குடிதண்ணில ஃப்ளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரைக்கும் இருக்கலாம், வேற வழியே இல்லைன்னா 1.5 வரைக்கும்ன்னு இந்திய தர அளவு சொல்லுது, அதுக்கு மேல இருக்குற தண்ணிய குடிச்சா பல் உள்ள உருவாகிட்டிருக்கும்போதே இது வந்துடும். எப்படி பிரிச்சுப் பார்க்குறதுன்னா, இடது பக்க பல்லுல இருக்குறது வலது பக்கமும் அதே இடத்துல ஜோடியா இருக்கும், பல் முளைச்சப்பவே இருந்திருக்கும், புதுசா பெருசாகாது. சொத்தை ஜோடி பார்த்தெல்லாம் வராது.

ஈறு ஓரத்துல கோடாலியால வெட்டுன மாதிரி பள்ளம், ஆனா கெட்டியா வழவழன்னு மஞ்சளா இருந்தா அது தேய்மானம். கட்டியான பிரஷ்ஷை வச்சு குறுக்க ராவுறது, சொரசொரப்பான பல்பொடி, கரித்தூள், செங்கல்தூள் எல்லாம் பண்ற வேலை. கூசும், ஆனா மெத்துனு இருக்காது.

ஒரே ஒரு பல் மட்டும் முழுசா சாம்பல் நிறமா மாறியிருந்தா, சின்ன வயசுல விழுந்து அடிபட்டதான்னு யோசிங்க. நரம்பு செத்துப்போன பல் அப்படித்தான் நிறம் மாறும், ஓட்டை ஒண்ணும் இருக்காது. இதுக்கு ஃபில்லிங் பிரயோஜனப்படாது, 10-ஆவது படிக்கு போங்க.

மேல் முன்பல்லோட பின்பக்கம் உருகுன மாதிரி மெலிஞ்சு போயிருந்தா வாந்தியோ நெஞ்செரிச்சலோ காரணமா இருக்கலாம், வயித்து ஆசிட் அரிச்சது. மசக்கை நேரத்துல வாந்தி எடுத்த உடனே பிரஷ் பண்ணாதீங்க, இளகியிருக்குற எனாமல் தேய்ஞ்சிடும். தண்ணில கொப்பளிச்சுட்டு அரைமணி நேரம் கழிச்சு பண்ணுங்க.

5. எந்த இடத்துல வந்திருக்குன்னு பார்த்தா ஏன் வந்துச்சுன்னு தெரிஞ்சிடும்

மேல் பல் இடுக்குல வந்திருந்தா ஃப்ளாஸ் பண்ணாததும், நாள்முழுக்க கொஞ்சம் கொஞ்சமா இனிப்பா எதையாவது குடிக்கிறதும். ஒரு தடவை இனிப்பு பட்டா வாய்ல ஆசிட் உருவாகி பிஹெச் 5.5-க்கு கீழ போகும், அப்போ எனாமல் கரைய ஆரம்பிக்கும், எச்சில் அதை பழைய நிலைக்கு கொண்டு வர அரைமணி நேரமோ அதுக்கு மேலயோ பிடிக்கும். ஃப்ளாஸ்க்ல டீயை வச்சுக்கிட்டு மணிக்கு ரெண்டு மடக்குன்னு குடிக்கிறவங்களுக்கு அந்த நேரமே கிடைக்காது. ஒரே மூச்சுல ரெண்டு லட்டு சாப்பிடுறவர் இவரை விட தேவலை, சிரிப்பா இருந்தாலும் நிஜம்.

ஈறு ஓரத்துல வந்திருந்தா பிரஷ் அங்க படல. வாயால மூச்சு விடுறவங்களுக்கு மேல் முன்பல் காஞ்சு போறதால இது சீக்கிரம் வரும்.

கீழ் முன்பல்லுல வந்திருந்தா கொஞ்சம் உஷாராகணும். நாக்குக்கு அடியில எச்சில் சுரந்து வர்ற வாசல் அங்கதான் இருக்கு, எந்நேரமும் கழுவிக்கிட்டே இருக்குறதால அங்க காரை பிடிக்குமே ஒழிய சொத்தை லேசுல வராது. அங்கயே வந்துடுச்சுன்னா எச்சில் குறைஞ்சிருக்கான்னு பார்க்கணும். கட்டுப்பாட்டுல இல்லாத சுகர், மன அழுத்தத்துக்கோ அலர்ஜிக்கோ சாப்பிடுற சில மாத்திரைங்க, தலை கழுத்துப் பகுதியில ரேடியேஷன் எடுத்தது, இதுல ஏதாவது இருந்தா டாக்டர் கேக்காமலே சொல்லிடுங்க. காரணத்தை விட்டுட்டு ஓட்டைய மட்டும் அடைச்சா அடுத்த வருஷம் பக்கத்துப் பல்லுக்கு வருவீங்க.

6. வலி எப்படி இருக்குன்னு குறிச்சு வைங்க

ஐஸ்வாட்டரோ இனிப்போ பட்டா சுரீர்னு கூசி, எடுத்த உடனே போயிடுதா? எனாமலைத் தாண்டியிருக்கு, நரம்பு நல்லா இருக்கு, ஃபில்லிங்ல முடியும்.

குளிர்ச்சிய எடுத்தப்புறமும் அரை நிமிஷத்துக்கு மேல வலி இழுத்துக்கிட்டே இருக்கா, சூடா ரசம் குடிச்சா விண்ணுன்னு தெறிக்குதா, ராத்திரி படுத்தா எழுப்பிவிடுதா? நரம்பு மீள முடியாத அளவுக்கு வீங்கிடுச்சு, ரூட் கேனால் (பல்லுக்குள்ள இருக்குற நரம்பை எடுத்து சுத்தம் பண்ணி அடைக்கிறது) பக்கம் தான் போகும்.

பத்து நாள் துடிச்ச வலி திடீர்னு ஒருநாள் நின்னுடுச்சா? நல்லாயிடுச்சுன்னு சந்தோஷப்பட்டு அப்பாயின்ட்மென்ட்டை கேன்சல் பண்றவங்க இங்கதான் மாட்டுறாங்க. நரம்பு செத்துட்டதால வலி நின்னுருக்கு, கிருமி வேர் நுனிக்கு இறங்கிட்டிருக்கும், கொஞ்ச நாள்ல ஈறுல குட்டியா சீழ் கொப்புளம் வரும்.

இது வந்தா அப்பாயின்ட்மென்ட் எல்லாம் பார்க்காதீங்க: மேல் உதடு வீங்கி கண் வரைக்கும் ஏறுது, கண் இமை மூடிக்குது, இல்ல தாடைக்கு அடியில கெட்டியா வீங்கி முழுங்கவோ மூச்சு விடவோ கஷ்டமா இருக்கு, கூட காய்ச்சல். நேரா பெரிய ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்கு போயிடுங்க, ராத்திரியா இருந்தாலும்.

7. டாக்டர்கிட்ட போற வரைக்கும் செய்யக்கூடாதது, செய்ய வேண்டியது

கிராம்புத் தைலம் தடவாதீங்க. வலி குறையும்தான், ஆனா அதுல இருக்குற யூஜினால் பல் நிற ஃபில்லிங்கை சரியா இறுக விடாது. ஏற்கனவே தடவிட்டீங்கன்னா மறைக்காம சொல்லிடுங்க.

வலி மாத்திரைய முழுங்கணும், பல்லோரமா ஈறுல வச்சு அடக்கக்கூடாது, ஆஸ்பிரின் மாதிரி மாத்திரை ஈறை வெந்துபோக வச்சுடும். மெடிக்கல் ஷாப்ல கேட்டு ஆன்டிபயாடிக் வாங்கி போடுறதும் வீண், ஓட்டைய மாத்திரை அடைக்காது. கண்டங்கத்திரி விதை புகை பிடிச்சா பூச்சி விழும்னு சொல்வாங்க. பல்லுக்குள்ள பூச்சியே கிடையாது, பாக்டீரியா வெளியிடுற ஆசிட் தான் அரிக்குது, விழுறதா காட்டுறது விதையில இருந்து வர்ற சமாச்சாரம்.

செய்ய வேண்டியது: சாப்பிட்டுட்டு போங்க, மரத்துப்போக ஊசி போட்டா அப்புறம் ரெண்டு மூணு மணி நேரம் சாப்பிட முடியாது. சுகர், பிபி, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை, இதய வால்வு ஆபரேஷன், கர்ப்பம், மருந்து அலர்ஜி எல்லாத்தையும் முதல்லயே சொல்லுங்க, எந்த மாத்திரையையும் நீங்களா நிறுத்தாதீங்க. முன்பல் வேலைக்கு பகல் நேரத்துல அப்பாயின்ட்மென்ட் கேளுங்க. ஷேட் (பல்லோட நிறத்துக்கு பொருந்துற ஃபில்லிங் நிறம்) பார்க்குறதுக்கு சூரிய வெளிச்சம் மாதிரி வராது, சாயந்திரம் ட்யூப்லைட்டுல பார்த்த ஷேட் மறுநாள் வெயில்ல வேற மாதிரி நிக்கும்.

காசு கஷ்டம்னா தள்ளிப்போட வேணாம். அரசு ஆஸ்பத்திரிங்கள்ல பல் பிரிவு இருக்கு, சென்னையில அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கு, தனியார் பல் மருத்துவக் கல்லூரிங்கள்லயும் ஸ்டூடன்ட்ஸ் புரொபசர் மேற்பார்வையில குறைஞ்ச செலவுல பண்ணுவாங்க. நேரம் இழுக்கும், ரெண்டு மூணு தடவை அலைய வேண்டி வரும், ஆனா ஒவ்வொரு படியையும் ஒருத்தர் செக் பண்ணி தான் அடுத்ததுக்கு விடுவாங்க.

8. எக்ஸ்ரேயும் வைத்திய வரிசையும்

ஒரு சின்ன எக்ஸ்ரே எடுப்பாங்க, ஐஓபிஏன்னு சொல்வாங்க. இடுக்கு சொத்தை நரம்புக்கு எவ்வளவு கிட்ட போயிருக்கு, வேர் நுனியில சீழ் இருக்கான்னு அதுல தெரியும். கூடவே குளிர்ச்சியா ஒரு பஞ்சை பல்லுல வச்சு நரம்பு உயிரோட இருக்கான்னு பார்ப்பாங்க. "எக்ஸ்ரே வேணாம், பார்த்து அடைச்சு விட்டுடுங்க"ன்னு கேக்குறவங்க உண்டு. நரம்பு செத்த பல்லை அழகா அடைச்சு விட்டா அது உள்ளுக்குள்ள சீழ் பிடிக்கும், அப்புறம் அதே ஃபில்லிங்க ஓட்டை போட்டு தான் உள்ள போகணும்.

வெள்ளைத் திட்டு மட்டும்னா ட்ரில்லே வேணாம். ஃப்ளோரைடு வார்னிஷ் தடவுவாங்க, வீட்டுல ஃப்ளோரைடு பேஸ்ட், மூணு மாசம் கழிச்சு மறுபடி பார்ப்பாங்க. ஓட்டை விழாத வெள்ளைக்கு அப்பவே ட்ரில்லை எடுக்குறாங்கன்னா இன்னொரு டாக்டர்கிட்டயும் காட்டிடுங்க.

ஓட்டைன்னு முடிவாயிட்டா வரிசை இப்படி இருக்கணும். முதல்ல க்ளீனிங். ஈறு வீங்கி ரத்தம் கசியுற நிலையில ஃபில்லிங் பண்ணா அந்த ஈரத்துல மருந்து ஒட்டாது, ஓரம் சீக்கிரம் விட்டுடும். க்ளீனிங் பண்ணி ஒரு வாரம் பத்து நாள்ல ஈறு இறுகிடும். அடுத்து, பல்லை வெள்ளையாக்குற ஐடியா இருந்தா ப்ளீச்சிங்கை ஃபில்லிங்குக்கு முன்னாடி முடிச்சுடணும். ஃபில்லிங் மெட்டீரியல் ப்ளீச்சுல வெளுக்காது, முதல்ல ஃபில்லிங் பண்ணிட்டா அப்புறம் பல் மட்டும் வெளுத்து ஃபில்லிங் மஞ்சளா தனியா நிக்கும். ப்ளீச்சிங் முடிஞ்ச கையோடயும் ஃபில்லிங் கூடாது, பல்லுக்குள்ள தங்கியிருக்குற ஆக்சிஜன் ஒட்டுறதை கெடுக்கும், ரெண்டு வாரம் விடணும். கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னாடி வந்து மூணையும் கேக்குறவங்களுக்கு பதில் சொல்றது தான் எங்க வேலையிலேயே கஷ்டமான வேலை.

ஆனா ஒண்ணு, சொத்தை நரம்புக்கிட்ட இருந்தா இந்த வரிசைக்காக காத்திருக்கக்கூடாது. அன்னைக்கே சொத்தைய எடுத்துட்டு தற்காலிகமா அடைச்சுடணும், மத்ததெல்லாம் அப்புறம்.

9. ஃபில்லிங் அன்னைக்கு சேர்ல என்ன நடக்கும், எங்க கவனிக்கணும்

உக்காந்த உடனே, வாயைத் திறந்து பஞ்சு வைக்கிறதுக்கு முன்னாடி, ஷேட் பார்க்கணும். ஏ2, ஏ3ன்னு பேர் போட்ட பல் மாதிரி சாம்பிள் வரிசையை பல்லு பக்கத்துல வச்சுப் பார்ப்பாங்க. வாய் திறந்தே இருந்தா பல் காஞ்சு வெளுத்துடும், அப்போ எடுத்த ஷேட் நிஜ நிறத்தை விட வெள்ளையா போயிடும். சில டாக்டருங்க மெட்டீரியல்ல துளி எடுத்து ஒட்டாம பல் மேல வச்சு லைட் அடிச்சு காட்டுவாங்க, அப்புறம் நகத்தால தட்டுனா வந்துடும். ஷேட் சாம்பிளை விட இது நம்பகமா இருக்கும், செய்வீங்களான்னு தயங்காம கேளுங்க.

அப்புறம் பல்லை தனியா பிரிச்சு ஈரம் படாம வைக்கணும். ரப்பர் ஷீட் மாட்டுவாங்க, இல்லைன்னா பஞ்சு உருளை. எச்சில் ஒரு சொட்டு பட்டாலும் ஒட்டுறது வீக்காயிடும், அதனால நடுவுல பேசவோ எழுந்து துப்பவோ பார்க்காதீங்க, கையைத் தூக்குங்க போதும்.

சொத்தைய பெரும்பாலும் பின்பக்கம் வழியா போய் எடுப்பாங்க. முன்பக்க எனாமல் மெல்லிசா நின்னாலும் அதைக் காப்பாத்துறது தான் நல்லது, நிறம் இயற்கையா இருக்கும். ஓரமெல்லாம் சுத்தமா எடுக்கணும், ஆனா நரம்புக்கு ரொம்ப கிட்ட தோல் மாதிரி இருக்குற கடைசி அடுக்கை வேணும்னே விட்டு மூடுறது உண்டு, அதைக் கிளறுனா நரம்பு திறந்துடும். முழுசா எடுக்கலியேன்னு சண்டை போட வேணாம்.

நீல நிற ஜெல் ஒண்ணை 15 முதல் 30 செகண்ட் வரை வைப்பாங்க, அது 37 சதவீத பாஸ்பாரிக் ஆசிட், எனாமல்ல நுண்ணிய குழிகளை உண்டாக்கும், கழுவிட்டு பாண்ட்ங்கிற பசையை தடவுனா அந்த குழிக்குள்ள போய் பிடிச்சுக்கும். பக்கத்துப் பல்லோட ஒட்டிக்காம இருக்க நடுவுல கண்ணாடி மாதிரி ஒரு பட்டையும் குட்டி ஆப்பும் சொருகுவாங்க. காம்போசிட்டை, அதாவது பல் நிற ஃபில்லிங் மெட்டீரியலை, 2 மில்லிமீட்டருக்கு மிகாம அடுக்கடுக்கா வச்சு ஒவ்வொரு அடுக்குக்கும் நீல லைட் அடிப்பாங்க. மொத்தமா அமுக்கி ஒரே தடவை லைட் அடிச்சா அடியில இறுகாது. இதுல அவசரப்படுத்தி "பஸ்ஸுக்கு நேரமாச்சு"ன்னு சொன்னீங்கன்னா நஷ்டம் உங்களுக்கு தான்.

எழுந்து வர்றதுக்கு முன்னாடி மூணு விஷயம் செக் பண்ணுங்க. கலர் பேப்பரை கடிக்க வைக்கும்போது நேரா கடிக்கிறதோட நிக்காம கீழ்த்தாடைய முன்னாடி தள்ளியும், பக்கவாட்டுல நகர்த்தியும் காட்டுங்க, முன்பல் ஃபில்லிங் உடையுறது பெரும்பாலும் அந்த அசைவுல தான். ஃப்ளாஸ் விட்டுப் பாருங்க, டப்புன்னு ஒரு சின்ன இறுக்கத்தோட உள்ள போகணும், பிரியக்கூடாது, போகவே போகலைன்னா ரெண்டு பல்லும் சேர்ந்து ஒட்டியிருக்கு, பிரிக்கச் சொல்லுங்க. நாக்கால பின்பக்கம் தடவி எங்கயாவது தடுக்குதான்னு பாருங்க.

நிறத்தை மட்டும் அன்னைக்கு பார்த்து முடிவு பண்ணாதீங்க. பல் காஞ்சு வெளுத்திருக்கும், ஃபில்லிங் இருட்டா தெரியும். ஒரு ராத்திரி எச்சில்ல ஊறுனப்புறம் மறுநாள் பாருங்க, அப்பவும் தனியா தெரிஞ்சா போய் காட்டுங்க.

ஒத்த சொத்தைக்காக கேப்பு (பல்லை முழுசா மூடுற உறை) போட்டுக்கலாம்னு யாராவது சொன்னா யோசிங்க. கேப்புக்கு பல்லை சுத்திலும் ராவணும், அந்த எனாமல் திரும்ப வராது. ஓட்டை சின்னதா இருக்குறப்போ காம்போசிட் தான் முதல் தேர்வு, கடிக்கிற முனையே உடைஞ்சிருந்தாலும் முதல்ல அதுலயே கட்டிப் பார்க்கலாம்.

10. நரம்பு வரைக்கும் போயிட்டா

ரூட் கேனால்னா பயம் வேணாம், கடைவாய்ப்பல்லை விட முன்பல்லுக்கு சுலபம். மேல் முன்பல்லுல பெரும்பாலும் ஒரே வேர், ஒரே பாதை. கீழ் முன்பல்லுல சில பேருக்கு ஒரே வேருக்குள்ள ரெண்டு பாதை ஒளிஞ்சிருக்கும், ஒண்ணை விட்டுட்டா வலி திரும்ப வரும், முடிஞ்சப்புறமும் குறையலைன்னா இதைக் கேளுங்க.

கடைவாய்ப்பல்லுக்கு ரூட் கேனால் முடிஞ்சா கேப்பு கட்டாயம் மாதிரி. முன்பல்லுல அப்படி இல்ல, சுத்தியிருக்குற சுவர் நல்லா இருந்தா பின்பக்க ஓட்டைய காம்போசிட்டால அடைச்சாலே போதும். பாதிக்கு மேல போயிருந்தா தான் வேருக்குள்ள போஸ்ட்ங்கிற குச்சியை வச்சு கேப்பு. போஸ்ட் பல்லுக்கு பலம் குடுக்காது, மேல கட்டுறதை பிடிச்சு வைக்க தான் அது. பல் கறுத்துப்போனா உள்பக்கமா மருந்து வச்சு வெளுக்க வைக்கலாம், கேப்புக்கு போறதுக்கு முன்னாடி அதைக் கேட்டுடுங்க.

11. குழந்தைங்களுக்கு

மேல நாலு பால்பல் ஈறு ஓரத்துல இருந்து பழுப்பாகி உதிருதுன்னா பெரும்பாலும் ராத்திரி பால் பாட்டிலை வாய்ல வச்சே தூங்குறது தான் காரணம். கீழ்ப்பல்லை நாக்கும் எச்சிலும் மூடிக் காப்பாத்திடும், அதனால மேல மட்டும் போகும். மாசம் ஒரு தடவை குழந்தையோட மேல் உதட்டைத் தூக்கிப் பாருங்க.

"விழுற பல்லு தானே"ன்னு விடாதீங்க. முன் பால்பல் விழ ஆறேழு வயசாகும், அதுவரைக்கும் சீழ் இருந்தா அடியில உருவாகிற நிரந்தரப் பல்லோட எனாமல் கெட்டுப்போகலாம். அடம்பிடிக்கிற குழந்தைக்கு எஸ்டிஎஃப்னு (சில்வர் டையமின் ஃப்ளோரைடு) ஒரு மருந்து தடவுனா சொத்தை நிக்கும், ஊசி ட்ரில் எதுவும் வேணாம், ஆனா அந்த இடம் கன்னங்கரேல்னு ஆயிடும், சம்மதிக்கிறதுக்கு முன்னாடியே தெரிஞ்சு வச்சுக்குங்க. நிறம் முக்கியம்னா பல் நிற கேப்பு வழி இருக்கு.

ஃப்ளோரைடு பேஸ்ட் மூணு வயசு வரைக்கும் அரிசி அளவு, ஆறு வயசு வரைக்கும் பட்டாணி அளவு. விளம்பரத்துல காட்டுற மாதிரி பிரஷ் நீளத்துக்கு பிதுக்காதீங்க.

12. வீட்டுக்கு வந்தப்புறம்

மரப்பு போற வரைக்கும் சாப்பிடாதீங்க, உதட்டை கடிச்சு புண்ணாக்கிக்குவீங்க. காம்போசிட் லைட்லயே இறுகிடும், காத்திருக்க வேற காரணம் இல்ல. முதல் ரெண்டு நாள் டீ, காபி, மஞ்சள் தூக்கலான குழம்பைக் குறைச்சா நிறம் நல்லா நிக்கும். லேசான கூச்சம் ஒரு வாரம் ரெண்டு வாரம் இருக்கலாம். குறையாம கூடிக்கிட்டே போனா, கடிக்கும்போது குத்துனா, திரும்பப் போங்க, பல சமயம் கொஞ்சம் ராவி விட்டாலே சரியாயிடும்.

கரும்பு உரிக்கிறது, சோடா மூடி திறக்கிறது, நூல் அறுக்குறது, முறுக்கை முன்பல்லால கடிக்கிறது, இதெல்லாம் அந்தப் பல்லுக்கு இனிமே கிடையாது.

பேஸ்ட் டப்பாவைத் திருப்பி ஃப்ளோரைடு 1000 பிபிஎம் போட்டிருக்கான்னு பாருங்க, மூலிகை பேஸ்ட் பலதுல ஃப்ளோரைடே இருக்காது. ராத்திரி தேய்ச்சுட்டு துப்புங்க, தண்ணி ஊத்தி நாலு தடவை கொப்பளிச்சா பல்லுல நிக்க வேண்டிய ஃப்ளோரைடு சிங்க்ல போயிடும்.

ஆறு மாசத்துக்கு ஒரு தடவை 2-ஆவது படியையும் 3-ஆவது படியையும் மறுபடி செய்யுங்க. ஃபில்லிங் ஓரத்துல பழுப்பா ஒரு கோடு தெரிஞ்சா, நகத்தால மெதுவா அந்தக் கோட்டுக்கு குறுக்க இழுத்துப் பாருங்க. நகம் மாட்டலைன்னா வெறும் கறை, பாலிஷ் பண்ணா போயிடும். மாட்டுனா ஓரம் விட்டிருக்கலாம், பெருசாகுறதுக்குள்ள போய் காட்டுங்க, முழுசா எடுக்காம அந்த இடத்தை மட்டும் ஒட்டி சரி பண்ண முடியுமான்னு கேளுங்க, நிறைய சமயம் முடியும்.